வீடு திரும்புபவருக்கு ஓர் அறை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள் குறிக்கப்பட்டவுடன் குடும்பத்தினர் எங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. என்னென்ன மருந்து, என்ன உணவு, அடுத்து எப்போது வர வேண்டும்? நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. அது பெரும்பாலும் எழுவதில்லை. அவர் வீட்டில் எங்கே இருக்கப் போகிறார்?

பக்கவாதத்துக்கோ இடுப்பு எலும்பு முறிவுக்கோ சிகிச்சை பெற்றுத் திரும்பும் முதியவர் முதல் சில வாரங்களில் நாளின் பெரும்பகுதியை ஓர் அறையிலேயே கழிக்கிறார். அந்த அறை எப்படி இருக்கிறது என்பது அவருடைய உறக்கத்தையும் உணவையும் மனநிலையையும் தொடுகிறது. படுக்கையை விட்டு எழுந்திருக்கும் விருப்பம் வருமா என்பதும் அதைப் பொறுத்திருக்கிறது. இந்த விருப்பத்தை நாங்கள் சிறிய விஷயமாகக் கருதுவதில்லை. படுத்தே இருப்பவரின் தசைகள் சில நாள்களிலேயே வலுவிழக்கத் தொடங்குகின்றன. எழுந்து அமர்வதற்கும் நான்கடி நடப்பதற்கும் ஒரு காரணம் இருந்தால் மீள்வதும் எளிதாகிறது.

அன்பு மிகுந்த குடும்பங்கள்கூட இந்த இடத்தில் தெரியாமல் ஒன்று செய்துவிடுகின்றன. வீட்டின் கடைசி அறையைக் காலி செய்து, இரும்புக் கட்டில் போட்டு, தலைமாட்டில் மருந்துப் பெட்டிகளை அடுக்கி, கிருமிநாசினி மணக்க மணக்க ஒரு சிறிய மருத்துவமனையை உருவாக்கிவிடுகின்றன. நோயாளி வீட்டுக்குள் வந்துவிடுகிறார். ஆனால் வீடு திரும்பியதாக உணர்வதில்லை. பாதுகாப்பும் வேண்டும், வீடு வீடாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இரண்டையும் சேர்த்துச் செய்யும் வழிகளை இங்கே விளக்குகிறோம். பெருஞ்செலவு தேவையில்லை, பெரும்பாலானவை வீட்டில் உள்ள பொருள்களை இடம் மாற்றுவதாலேயே முடிந்துவிடும்.

எந்த அறை?

அமைதி வேண்டும் என்று கடைசி அறையைத் தருவது இயல்பு. ஆனால் அடுக்களையில் தாளிக்கும் ஓசை, பள்ளியிலிருந்து வரும் பேரக்குழந்தையின் குரல், வாசலில் கீரைக்காரரின் கூவல் இவையெல்லாம் எட்டாத இடத்தில் இருப்பவர் குடும்பத்தின் நாளிலிருந்தே விலகிப்போகிறார். கூடுமானால், கூடத்தை ஒட்டிய அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறந்தால் கூடத்தில் நடப்பது தெரிய வேண்டும். மூடினால் உறங்க முடிய வேண்டும். கழிப்பறை அருகில் இருப்பது கட்டாயம். இரவில் அவசரமாகக் கழிப்பறைக்குப் போகும்போதுதான் முதியவர்கள் பலர் தவறி விழுகிறார்கள்.

தனி அறையே இல்லாத வீடுகள் ஏராளம். கூடத்தின் ஒரு மூலையில் கட்டில் போடுவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கயிறு கட்டித் திரை போடுங்கள். பழைய பருத்திப் புடவை போதும். வருவோர் போவோர் கண்ணெதிரே உடை மாற்றவும் உடல் துடைத்துக்கொள்ளவும் நேர்வது, வாழ்நாள் முழுதும் மானத்தோடு வாழ்ந்த ஒருவருக்கு நோயைவிடப் பெரிய வேதனை. அந்தத் திரையை எப்போது இழுப்பது, எப்போது விலக்குவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

படுத்திருப்பவரின் கண்ணால் பாருங்கள்

ஃபின்லாந்து நாட்டுப் பாய்மியோவில் 1933ஆம் ஆண்டு ஒரு காசநோய் மருத்துவமனை கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஆல்வார் ஆல்ட்டோ என்னும் கட்டடக் கலைஞர், வழக்கமான அறைகள் நின்றும் நடந்தும் இருப்பவர்களுக்காகவே அமைக்கப்படுகின்றன என்பதைக் கவனித்தார். நோயாளியோ படுத்திருக்கிறார், அவர் கண்ணில் படுவது கூரை. எனவே நோயாளிகளின் அறையில் கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்ந்த நிறம் பூசச் செய்தார். விளக்கின் ஒளி நேராகக் கண்ணில் விழாதபடி அதன் இடத்தை அமைத்தார். ஒருவர் கை கழுவும் ஓசை அடுத்தவரின் உறக்கத்தைக் கெடுக்காதபடி கைகழுவும் தொட்டியின் வடிவத்தையும் மாற்றினார்.

இந்தப் பாடத்தை எந்த வீட்டிலும் பின்பற்றலாம். அவர் வந்து சேர்வதற்கு முந்தைய நாள், நீங்களே அந்தக் கட்டிலில் கால்மணி நேரம் மல்லாந்து படுத்துப் பாருங்கள். குழல் விளக்கு கண்ணைக் குத்துகிறதா? மின்விசிறி இறக்கையில் படிந்த தூசி தெரிகிறதா? எதிரே இருப்பது வெறும் இரும்பு அலமாரியின் முதுகா? நின்றபடி பார்த்தபோது தெரியாதவை எல்லாம் இப்போது தெரியவரும். கட்டிலை வேறு திசையில் திருப்பிப் போடுவதே பல குறைகளைத் தீர்த்துவிடும்.

சன்னல் தெரியும்படி கட்டிலைப் போட முடிந்தால் மிக நன்று. ரோஜர் உல்ரிக் என்னும் ஆய்வாளர் 1984ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். அவர்களில் பாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் இருந்தன. மற்றப் பாதிப் பேருக்குத் தெரிந்தது செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியதுதான். ஆயினும் அது சொல்வதை நாங்கள் அன்றாடம் உணர்கிறோம். உங்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே மரம் இல்லாமல் தெரு இருக்கலாம். தெருவும் நல்ல காட்சிதான். பால்காரர் வருவதும் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அவருக்கு நேரத்தைச் சொல்லும். உலகம் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும்.

ஒளி

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்துத் தடிக்கிறது, பாவையும் சுருங்குகிறது. இருபது வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டுகிறது. நமக்குப் போதுமான வெளிச்சம் அவருக்கு மங்கலாகவே இருக்கும். ஆனால் ஒரே பெரிய விளக்கைப் போட்டால் கண் கூசும். ஆகவே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று விளக்குகளை வெவ்வேறு இடங்களில் அமைப்பது நல்லது.

எல்இடி விளக்கு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கெல்வின் என்னும் அளவைப் பாருங்கள். 2,700 முதல் 3,000 வரை உள்ளவை மாலைநேரத்துக்கு ஏற்ற இளமஞ்சள் ஒளி தரும். அறை இதமாகத் தோன்றும். 6,500 என்றிருப்பவை வெண்ணிற ஒளி தருபவை. மருந்துச் சீட்டைப் படிக்கவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் அவை உதவும். பகலில் திரைகளை விலக்கிச் சூரிய ஒளியை உள்ளே விடுங்கள். மாலையில் இளமஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். பகலும் இரவும் தெளிவாகப் பிரிந்திருந்தால் உறக்கம் சீராகும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரையிலான வழியில் தரையருகே ஒரு சிறிய இரவு விளக்கு எரியட்டும். விளக்குப் பொத்தான் படுத்தபடி கைக்கு எட்ட வேண்டும்.

தரையும் இருக்கையும்

அழகுக்காகப் போட்ட சிறு விரிப்புகளையும் வழுக்கும் கால்மிதிகளையும் எடுத்துவிடுங்கள். வாக்கரின் கால் சிக்குவதும் அவற்றில்தான், பாதம் தடுக்குவதும் அவற்றில்தான். அறை வெறுமையாகத் தோன்றுகிறது என்றால் வண்ணத்தைத் தரையிலிருந்து சுவருக்கும் கட்டிலுக்கும் மாற்றுங்கள். ஒரு நல்ல சுங்குடிப் போர்வையோ கண்டாங்கிப் புடவையில் தைத்த தலையணை உறையோ விரிப்பு தரும் இதத்தைத் தந்துவிடும். மின்கம்பிகள் நடைபாதையின் குறுக்கே போகக் கூடாது.

நிலைப்படி நம் வீடுகளில் தவிர்க்க முடியாதது. அதன் விளிம்பில் தரையின் நிறத்துக்கு மாறான ஒரு பட்டையை ஒட்டினால் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும். சக்கர நாற்காலி செல்வதற்குச் சரிவு அமைப்பதாயின், ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது பொதுவான கணக்கு. மூன்று அங்குல நிலைப்படிக்கு மூன்றடிப் பலகை வேண்டும். சக்கர நாற்காலியின் அகலம் பெரும்பாலும் 60 முதல் 65 சென்டிமீட்டர். கதவு 80 சென்டிமீட்டராவது திறந்தால்தான் கையை உரசாமல் உள்ளே போகலாம். அது ஒரே இடத்தில் முழுதாகத் திரும்புவதற்கு ஐந்தடிச் சதுர இடம் வேண்டும்.

கட்டிலின் விளிம்பில் அமரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். தாழ்ந்த கட்டிலாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகளை வைத்து உயர்த்தலாம். அவை நகராதபடி குழி வெட்டியிருப்பது அவசியம். நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கட்டும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் சாய்வு நாற்காலி பல வீடுகளில் அவருடைய சிம்மாசனம். ஆனால் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் குறிப்பிடும் காலம் வரை இடுப்பு முழங்காலைவிடத் தாழும்படி அமரலாகாது. அந்தச் சாய்வு நாற்காலியோ அப்படித்தான் அமர வைக்கும். அதற்காக அதைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். அவர் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கட்டும். “இதில் மறுபடி உட்காரலாம், இன்னும் கொஞ்ச நாள்தான்” என்று சொல்வதற்கு அது ஒரு நல்ல சாட்சி.

மருந்து மறைந்திருக்கட்டும், மனிதர் தெரியட்டும்

மாத்திரை அட்டைகள், பஞ்சு, கையுறை, சிறுநீர்க் குடுவை எல்லாம் தேவையானவை. அவை எப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டியதில்லை. மூடியுள்ள ஒரு கூடையிலோ கதவுள்ள அலமாரியிலோ ஒரே இடத்தில் வையுங்கள். பராமரிப்பவருக்கும் தேடும் வேலை மிச்சம். தலைமாட்டு மேசையை அவருக்கே விட்டுவிடுங்கள். மூக்குக்கண்ணாடி, காதுகேட்கும் கருவி, தண்ணீர்ச் செம்பு, வானொலி, செய்தித்தாள், அழைப்பு மணி ஆகியவை அங்கே இருக்கட்டும். பக்கவாதத்துக்குப் பின் சிலர் ஒரு பக்கத்தில் இருப்பவற்றைக் கவனிக்கத் தவறுவார்கள். அவர்களுக்கு மேசையை எந்தப் பக்கம் வைப்பது என்று இயன்முறை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பெரிய எண்களுள்ள கடிகாரமும், நாள்தோறும் தாள் கிழிக்கும் காலண்டரும் கண்ணெதிரே தொங்கட்டும். நீண்ட சிகிச்சைக்குப் பின் முதியவர்களுக்கு நாளும் பொழுதும் குழம்புவது உண்டு. இவ்விரண்டும் அவர்களை நிகழ்காலத்தில் நிறுத்த உதவுகின்றன. காலைக் காப்பிக்குப் பின் தாள் கிழிப்பது அவருடைய வேலையாகவே இருக்கட்டும். குடும்பப் படங்களைக் கண்மட்டத்தில் மாட்டுங்கள். படுத்திருப்பவரின் கண்மட்டம் என்பதை மறக்க வேண்டாம். இருபது படங்களைக் குவிப்பதைவிட, அவர் விரும்பும் இரண்டு மூன்று போதும். ஞாபக மறதி நோய் உள்ளவர்களுக்கு இன்னும் சில கவனங்கள் தேவை. கருநிற விரிப்பு அவர்களுக்குப் பள்ளமாகத் தோன்றலாம். பளபளக்கும் தரை ஈரமாகத் தோன்றலாம். கண்ணாடியில் தெரியும் உருவத்தை அயலார் என்று எண்ணி அஞ்சவும் கூடும்.

மணம், காற்று, ஓசை

சாம்பிராணியும் ஊதுபத்தியும் நம் வீடுகளின் மணம். ஆனால் ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர் அறையில் எந்தப் புகையும் வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் அவ்வாறே. சன்னலுக்கு வலை அடித்துவிட்டால் காற்றும் வரும், கொசுவும் வராது. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ கருவியோ பயன்படுத்துவோர் விளக்கு, கற்பூரம், அடுப்பு, புகைபிடித்தல் ஆகிய எதையும் அதிலிருந்து பத்தடிக்குள் அனுமதிக்கக் கூடாது. சாமி விளக்கைப் பூசையறையிலேயே ஏற்றி, கதவு வழியே அவர் கும்பிடும்படி செய்யலாம்.

மல்லிகைச் சரமும் துளசித் தொட்டியும் பெரும்பாலோருக்கு நன்மையே. புற்றுநோய்க்கான மருந்துகளால் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்களுக்கு மட்டும் புதுப் பூக்களும் தொட்டி மண்ணும் பூஞ்சைத் தொற்றைத் தரக்கூடும். மருத்துவரைக் கேட்ட பின்பே வையுங்கள். அறைக்கு வண்ணம் பூசுவதாயின் அவர் வருவதற்குப் பல நாள்களுக்கு முன்பே முடித்து, சன்னல்களைத் திறந்துவையுங்கள்.

இரவில் படுக்கையறையின் ஓசை 30 டெசிபலைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். அது ஏறக்குறைய ஒரு கிசுகிசுப்பின் அளவு. நம் தெருக்களில் அது எளிதன்று. ஆனால் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பதும், கிறீச்சிடும் கதவுக்கு எண்ணெய் விடுவதும், தடித்த பருத்தித் திரை தொங்கவிடுவதும் நம்மால் ஆகக்கூடியவை.

வருபவருக்கு ஒரு நாற்காலி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய இயலும் என்றால், இதைச் செய்யுங்கள் என்போம். கட்டிலின் அருகே வருபவர் அமர ஒரு நாற்காலியை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். உட்கார இடம் இல்லாத அறையில் எல்லோரும் வாசலில் நின்றபடி “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாற்காலி இருந்தால் அமர்வார்கள், அமர்ந்தால் பேசுவார்கள். பேரன் வீட்டுப்பாடத்தை அங்கேயே எழுதலாம். மருமகள் கீரை ஆயலாம்; பாட்டிக்குக் கை ஒத்துழைத்தால் அவரும் ஒரு பிடி ஆயலாம்.

பராமரிப்பவருக்கும் அந்த அறையில் ஓர் இடம் வேண்டும். இரவுதோறும் தரையில் பாயை விரித்து முதுகுவலியோடு எழுபவரால் நெடுநாள் பணிசெய்ய இயலாது. ஒரு மடக்குக் கட்டிலோ, அடுத்த அறையில் உறங்கியபடி கேட்கக்கூடிய ஓர் அழைப்பு மணியோ ஏற்பாடு செய்யுங்கள்.

முதலில் அவரைக் கேளுங்கள்

இவை அனைத்துக்கும் முன்னதாக ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976ஆம் ஆண்டு ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அறையை எப்படி அமைத்துக்கொள்வது என்பது உட்படத் தங்கள் காரியங்களைத் தாங்களே முடிவு செய்யலாம் என்று ஒரு பிரிவினருக்குச் சொல்லி, பேணி வளர்க்க ஆளுக்கு ஒரு செடியும் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினரிடம் எல்லாவற்றையும் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செடிக்குத் தண்ணீர் விடுவதும் பணியாளர்களே. மூன்று வாரங்களில் முதற்பிரிவினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் காணப்பட்டார்கள்.

ஆகவே திரையின் நிறத்தை, கட்டிலின் திசையை, சுவரில் எந்தப் படம் என்பதை அவரிடமே கேளுங்கள். பேச்சு திரும்பாதவரிடம் இரண்டு துணிகளைக் காட்டி எது என்று கேட்டால் கண்ணாலோ விரலாலோ சொல்லிவிடுவார். நமக்குப் பிடிக்காத ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தாலும் அதையே தொங்கவிடுங்கள். உடலின் மீதான ஆளுகையைப் பெருமளவு இழந்தவருக்கு, ஓர் அறையின் மீதான ஆளுகையையாவது நாம் திருப்பித் தர முடியும்.

வீடு திரும்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பாக, அறையையும் கழிப்பறையையும் கைபேசியில் படம் எடுத்து வாருங்கள். கட்டிலின் உயரம், கதவின் அகலம், நிலைப்படியின் உயரம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் சுவரில் துளையிட இயலாது என்றால் அதையும் சொல்லுங்கள். கமோடு நாற்காலி போன்ற மாற்று வழிகள் உள்ளன. எங்கள் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் உங்களோடு அமர்ந்து அவற்றைப் பார்ப்பார்கள். கழிப்பறைக் கைப்பிடியும் தரையும் விளக்கும் முதல் நாளே ஆயத்தமாகட்டும். திரைகளும் படங்களும் அவர் வந்த பிறகு, அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக இடம் பெறட்டும்.